ஐந்து ஏக்கர் தோப்புக்கு எந்த டிராக்டர்?

டிராக்டர் விற்கும் கடையில் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி, “எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறீர்கள்?” அடுத்தது, “எத்தனை ஹெச்.பி. பார்க்கிறீர்கள்?” புதிதாக வாங்க வருபவர் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு விலைப்பட்டியலைக் கையில் வாங்கிக்கொள்கிறார். இரண்டு கேள்விகளுமே பின்னால் வரவேண்டியவை. ஐந்து ஏக்கர் நெல் வயலும் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பும் பரப்பளவில் ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்குச் சரியான வண்டி மற்றதற்குச் சுமையாகிவிடும்.

டிராக்டர் தனியாக எந்த வேலையும் செய்வதில்லை. இழுப்பது, சுழற்றுவது, தூக்குவது என்ற மூன்று வகைச் சக்தியை அது பின்பக்கம் கொண்டுவந்து கொடுக்கிறது. உழுவதும் வெட்டுவதும் சுமப்பதும் அங்கே மாட்டும் கருவிகள். ஆகவே முதலில் வேலையைப் பார்க்க வேண்டும், பிறகு கருவி, அந்தக் கருவி கேட்கும் சக்தி, அதற்குப் பிறகுதான் வண்டி. இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதால்தான் பல தோப்புகளில் 45 ஹெச்.பி. வண்டி ஆண்டில் பதினொரு மாதம் கொட்டகையில் நிற்கிறது.

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப்பேட்டைப் பக்கம் சாதாரணமாகக் காணக்கூடிய ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு வீடு, ஒரு கிணறு, சொட்டுநீர்க் குழாய்கள், வேலியோரம் புதர், சாலையிலிருந்து தோப்புவரை ஓர் இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை. பெரிய சாகுபடி எதுவும் இல்லை. இடத்தைப் பராமரிப்பதுதான் வேலை.

முதலில் வேலைக் கணக்கு

தென்னைக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 25 அடிக்கு 25 அடி. அப்படி நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 மரம். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 12 மட்டைகளாவது உதிர்க்கும். ஏக்கருக்கு 840 மட்டை, ஐந்து ஏக்கருக்கு 4,200. தோப்பு வாங்கும் முன் யாரும் இந்த எண்ணைச் சொல்வதில்லை. வாங்கிய பிறகு அது தானாகவே தெரியவரும். பராமரிப்பில் பெரும் பகுதி இந்த மட்டைகளை என்ன செய்வது என்பதுதான்.

அடுத்தது களை. சுழலும் கத்திகளால் களையை மண்ணோடு கலக்கும் நான்கடி அகல ரோட்டவேட்டர் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் 3,000 சதுர மீட்டர் ஓட வேண்டும். திருப்பத்துக்கும் ஓட்டிய இடத்தின்மேலேயே மறுபடி ஓடுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 2,400 சதுர மீட்டர், அதாவது ஏக்கரில் அறுபது சதவீதம் மிஞ்சும். ஐந்து ஏக்கருக்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆண்டுக்கு மூன்று முறை ஓட்டினால் 25 மணி நேரம். தொழுவுரம் ஏற்றி இறக்குவது, மட்டை இழுப்பது, தேங்காயைக் களத்துக்குக் கொண்டுவருவது, மழையில் அறுத்துக்கொண்டு போன பாதையைச் சமன் செய்வது எல்லாவற்றையும் இதோடு சேர்த்தால் ஆண்டுக்கு மொத்தம் அறுபது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பணம். வண்டி, ரோட்டவேட்டர், கொத்துக்கலப்பை, டிரெய்லர் எல்லாமாக எட்டு லட்சம் ரூபாய் ஆகிறது என்றும், பத்தாண்டு கழித்து அவை மூன்று லட்சத்துக்கு விலைபோகும் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 50,000 ரூபாய் தேய்மானம். அறுபது மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 833 ரூபாய். டீசல், காப்பீடு, சர்வீஸ், கடன் வட்டி, ஓட்டுநர் கூலி எதுவும் இதில் சேரவில்லை. உங்கள் ஊரில் ரோட்டவேட்டருடன் டிராக்டருக்கு மணிக்கு என்ன வாடகை என்று விசாரித்து இந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆண்டுக்கு நூறு மணி நேரத்துக்குக் குறைவாக ஓடும் வண்டி, கணக்குப்படி பெரும்பாலும் வாடகையிடம் தோற்றுப்போகும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? மழை பெய்து மண் பதத்துக்கு வரும் அந்த நான்கைந்து நாளில் ஊரிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி தேவைப்படுகிறது. வாடகை வண்டிக்காரர் பெரிய வயலை முடித்துவிட்டுத்தான் சிறிய தோப்புக்கு வருவார். அவர் வரும்போது மண் இறுகியிருக்கும். மட்டை இழுப்பது போன்ற சில்லறை வேலைக்கு அவர் வரவே மாட்டார். சொந்த வண்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இந்த நேரத்துக்கான விலை. அது உங்களுக்குப் பெறுமா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. துறையின் இ-வாடகைச் செயலியில் முன்பதிவு செய்யலாம்.

கருவிகள்: எவை வேண்டும், எவை கண்காட்சி

இந்தத் தோப்புக்கு முதல் கருவி டிரெய்லர் என்பேன். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், ரோட்டவேட்டர்தானே முதலில் என்கிறார்கள். ஆனால் மணிக் கணக்கைப் பார்த்தால் சுமப்பதற்குத்தான் வண்டி அதிகம் ஓடுகிறது. சாய்த்துக் கொட்டும் டிப்பர் வகை கிடைத்தால் நல்லது. சிறிய வண்டிக்குச் சிறிய டிரெய்லர்தான் பொருந்தும். 24 ஹெச்.பி. வண்டி இரண்டு டன் சுமையைச் சமதரையில் இழுத்துவிடும், சந்தேகமில்லை. சரிவில் அதை நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. சுமை வண்டியைவிடக் கனமாக இருந்தால் இறக்கத்தில் சுமைதான் வண்டியை ஓட்டும்.

இரண்டாவது கொத்துக்கலப்பை. மினி டிராக்டருக்கு ஐந்து கொத்து போதும். விலை குறைவு, கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றுமில்லை, மண்ணைக் கீறிவிடும், புரட்டாது. மழைநீர் உள்ளே இறங்கவேண்டும் என்பதற்காக உழுபவருக்கு இதுவே போதுமானது.

மூன்றாவது ரோட்டவேட்டர். சுழலும் கத்திகள் மண்ணையும் களையையும் நொறுக்கிக் கலக்கும். ஓட்டிய பின் தோப்பு பார்ப்பதற்கு அழகாக இருக்கும். அந்த அழகில்தான் ஆபத்தும் இருக்கிறது. வண்டியின் ஒவ்வொரு சுற்றும் ஐந்தாறு அங்குல ஆழத்தில் ஒரே மட்டத்தில் கத்தியை ஓட்டுவதால், அதற்குக் கீழே மண் இறுகிக் கட்டாந்தரையாகிவிடும். மேலே பொலபொலவென்றிருக்கும், கீழே தண்ணீர் இறங்காது. அதை உடைக்க ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை உழுதால் போதும், ஆனால் அதற்கு 35 முதல் 45 ஹெச்.பி. வண்டி தேவை. அந்த ஒரு நாளுக்காகப் பெரிய வண்டி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு நாளைக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள். மற்ற நாட்களுக்குச் சிறியது.

ரோட்டவேட்டர் ஓட்டுபவர் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. தென்னையின் உணவெடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் இருக்கிறது. உரம் இடும் வட்டப்பாத்திக்கு 1.8 மீட்டர் ஆரம் சொல்லப்படுவது அதனால்தான். அந்த வட்டத்துக்குள் கத்தி போகக் கூடாது. அங்கே கைக்களை அல்லது கையில் பிடித்துப் புல்வெட்டும் பிரஷ் கட்டர். இன்னொன்று சொட்டுநீர்க் குழாய். புல்லில் மறைந்து கிடக்கும் பக்கவாட்டுக் குழாயை ரோட்டவேட்டர் ஒரு நொடியில் சுருட்டிக்கொள்ளும். அச்சில் இறுகிய குழாயை அறுத்தெடுக்க அரை நாள் போகும். குழாய்களை மர வரிசையோடு ஒட்டிப் போடுவதும், ஓட்டும் முன் சுருட்டி மரத்தடியில் வைப்பதும் ரோட்டவேட்டர் வைத்திருப்பவரின் வழக்கமாக வேண்டும்.

களையை அடியோடு அழிக்காமல் வெட்டி மண்மேல் மூடாக்காகப் போட விரும்புபவர்களுக்கு, கத்தி கிடைமட்டமாகச் சுழலும் புல்வெட்டும் கருவி ஏற்றது. மண் இறுகாது, ஈரமும் நிற்கும். தோப்புக்கு ரோட்டவேட்டரைவிட இதையே நான் விரும்புவேன்; ஆனால் கீழே கிடக்கும் மட்டையையும் கல்லையும் முதலில் பொறுக்க வேண்டும். கத்தி அடித்துத் தெறிக்கும் கல் நெடுந்தூரம் பறக்கும்.

மட்டையைத் தூளாக்கும் இயந்திரத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும். 4,200 மட்டையும் மூடாக்காகத் திரும்ப மண்ணுக்கே போய்விடும் என்றால் யாருக்குத்தான் வராது? டிராக்டரில் இயங்கும் இவ்வகை இயந்திரங்கள் பல 35 ஹெச்.பி.க்கு மேல் கேட்பவை. மினி டிராக்டருக்கென்று விற்கப்படும் சிறியவை காய்ந்த, தடித்த அடிமட்டையில் திணறும். நான்கைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்து வாங்கக்கூடிய, அல்லது வாடகைக்கு எடுக்கக்கூடிய கருவி இது.

பாதையைச் சமன் செய்யும் பின்பலகை மலிவானது, இட்டேரி உள்ளவர்களுக்கு உதவும். குழி தோண்டும் கருவி புதிய நடவு இருந்தால் மட்டும். முன்பக்கம் மாட்டும் லோடர், பின்பக்கம் பள்ளம் தோண்டும் கை ஆகியவற்றை அமெரிக்க வீடியோக்களில் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. அங்கே வீட்டைச் சுற்றிப் பல ஏக்கர் புல்வெளி, பனி தள்ளும் வேலை, கூலி ஆளே கிடைக்காத நிலை. அந்த நாட்டுக்கு அது பொருத்தம். இங்கே ஒருநாள் ஜே.சி.பி. வாடகைக்கு எடுத்தால் அந்த வேலைகள் முடிந்துவிடும்.

எண்களைப் படிப்பது

கருவிகள் முடிவானால் வண்டி ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நான்கடி ரோட்டவேட்டருக்கு 22 முதல் 27 ஹெச்.பி. வேண்டும். 15 முதல் 18 ஹெச்.பி. வண்டிக்கு மூன்றடியோ சற்றுக் கூடுதலோதான். டிரெய்லரும் கொத்துக்கலப்பையும் மட்டும் போதும் என்பவருக்கு 18 ஹெச்.பி.யே நிறைவாக இருக்கும்.

விளம்பரத்தில் வரும் ஹெச்.பி. எஞ்சினுடையது. கருவிக்குப் போய்ச் சேர்வது பி.டி.ஓ. எனப்படும் பின்புறச் சுழல்தண்டின் ஹெச்.பி. கியர்ப்பெட்டி வழியில் பத்து முதல் இருபது சதவீதம் குறைந்துவிடும். ரோட்டவேட்டர், புல்வெட்டி, தெளிப்பான் மூன்றும் இந்தச் சுழல்தண்டில்தான் ஓடுகின்றன. ஆகவே இந்த எண்ணையே கேளுங்கள். இது நிமிடத்துக்கு 540 சுற்று ஓடவேண்டும் என்பது உலகப் பொது அளவு. எந்த எஞ்சின் வேகத்தில் 540 கிடைக்கிறது என்று பாருங்கள். குறைந்த வேகத்தில் கிடைத்தால் டீசல் மிச்சம்.

விற்பனையாளர் சொல்லும் எண்ணை நம்ப வேண்டிய கட்டாயமில்லை. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய வேளாண் இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு, தூக்கும் திறன், பிரேக், இருக்கைக்கு வரும் அதிர்வு வரை எல்லாம் அதில் அளந்து எழுதப்பட்டிருக்கும். வாங்க நினைக்கும் மாடலின் அறிக்கையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

தூக்கும் திறன் மினி டிராக்டர்களில் பொதுவாக 750 கிலோவை ஒட்டி இருக்கும். அந்த எண், பின்னால் கருவியை மாட்டும் இணைப்புக் கரங்களின் நுனியில் அளந்தது. கருவியின் எடை அதைவிடப் பின்னால் தள்ளி நிற்பதால் உண்மையில் தூக்கக்கூடியது குறைவு. பின்னால் கனமானதைத் தூக்கும்போது முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பிடிப்பு போகும்; அதற்குத்தான் முன்னால் இரும்பு எடைகளை மாட்டுகிறார்கள். மூன்று கரங்களில் கருவியை மாட்டும் இந்த ஏற்பாடு அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் 1920களில் உருவாக்கியது. கலப்பை கடினமண்ணில் சிக்கினால் ஹைட்ராலிக் தானாகவே சற்று மேலே தூக்கும் அமைப்பும் அவருடைய வேலையிலிருந்தே வந்தது. இருக்கைக்கு அருகே இரண்டு நெம்புகோல்கள் இருந்தால் ஒன்று கருவியின் உயரத்துக்கு, மற்றது இந்தத் தானியங்கி ஆழத்துக்கு. ஒன்றுமட்டும் உள்ள வண்டியும் ஓடும், உழவுக்குத்தான் சற்றுக் குறை.

விவரத்தாளில் எல்லோரும் தாண்டிப் போகும் வரி கிளட்ச். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் பெடலை மிதித்தால் சக்கரத்தோடு பி.டி.ஓ.வும் நின்றுவிடும். ரோட்டவேட்டர் ஓட்டிக்கொண்டே கியர் மாற்ற நினைத்தால் கத்தி நின்று, களை சிக்கி, மறுபடி தொடங்கும்போது உதறும். இரட்டைக் கிளட்ச்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், கத்தி சுழன்றுகொண்டிருக்கும். பி.டி.ஓ.வுக்கு வேலை அதிகம் என்றால் ஐந்து ஹெச்.பி. கூடுதலாகத் தேடுவதைவிட இந்த வசதியைத் தேடுவது மேல். மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவாக ஊரும் ஒரு கியர் இருக்கிறதா என்பதையும் கூடவே கேளுங்கள்.

நான்கு சக்கர இழுவை வேண்டுமா? காய்ந்த செம்மண், சமதரை என்றால் வேண்டாம்; விலையும் கூடும், திரும்ப அதிக இடமும் வேண்டும். கரிசல் மண், வாய்க்கால் ஓரம், சரிவு, ஈரத்தில் டிரெய்லர் என்றால் வேண்டும். மினி டிராக்டர் ஒரு டன் எடையை ஒட்டித்தான் இருக்கும். எடை குறைவான வண்டிக்குப் பிடிப்பும் குறைவு. எடை குறைவாக இருப்பதே தோப்பு மண்ணுக்கு நல்லது என்பதால், பிடிப்பை நான்கு சக்கரங்களில் தேடுவது நியாயம்தான். தார்ச்சாலையில் ஓடும்போது அதை விடுவித்துவிடுங்கள், இல்லையென்றால் முன் டயர் தேய்ந்துவிடும்.

அகலத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 25 அடி இடைவெளியில் எந்த டிராக்டரும் போகும். ஊடே கோகோ, ஜாதிக்காய், வாழை வைத்திருந்தால்தான் மூன்று முதல் நான்கடி அகலமுள்ள குறுகிய வண்டி கட்டாயமாகிறது. தாழ்ந்த கிளையுள்ள மா, கொய்யாத் தோட்டத்தில் அகலத்தோடு உயரமும் பிரச்சினை. புகைக்குழாய் மேல்நோக்கி நிற்காமல் கீழே போகும் மாடல்களைப் பாருங்கள்.

வேட்டி, துண்டு, சுழல்தண்டு

540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. சுழல்தண்டில் வேட்டி நுனியோ துண்டோ சேலைத் தலைப்போ பட்டால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. அதன்மேல் வரும் பிளாஸ்டிக் உறையை, மாட்டும்போது இடைஞ்சல் என்று முதல் வாரமே கழற்றி எறிகிறார்கள். தோப்பில் செய்யப்படும் முட்டாள்தனங்களில் முதலிடம் அதற்குத்தான். ஓடும் தண்டைத் தாண்டாதீர்கள். சிக்கியதை எடுக்கும் முன் எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போடுங்கள்.

மரக்கட்டையைப் பிடுங்குவதற்கு, மூன்று கரங்களில் மேலே உள்ளதன் இணைப்பில் சங்கிலி கட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி வண்டி ஓட்டுபவர்மேலேயே கவிழும். சங்கிலி எப்போதும் பின் அச்சைவிடத் தாழ்ந்த இழுவைக் கொக்கியில்தான். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக உள்ள பிரேக் பெடல்கள் தோப்பில் சுருக்கமாகத் திரும்ப உதவும். சாலைக்கு வரும் முன் இரண்டையும் இணைக்கும் கொண்டியைப் போடாவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி சுழலும். மட்கார்டில் குழந்தையை உட்கார வைப்பதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை, வேண்டாம், அவ்வளவுதான்.

பணம், மானியம், பழைய வண்டி

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு யாராவது பேசினால் இதை நினைவூட்டுங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. எந்தக் கருவிக்கு, எவ்வளவு வரை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பித்து ஒப்புதல் பெற்ற பிறகுதான் வாங்க வேண்டும். முன்பே வாங்கிய ரசீதை நீட்டுவதில் பயனில்லை. வட்டார வேளாண்மைப் பொறியியல் அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போவது, பத்து விளம்பரங்களைப் படிப்பதைவிட உதவும்.

மகிந்திரா, ஸ்வராஜ், வி.எஸ்.டி., குபோட்டா, சோனாலிகா, கேப்டன் என்று இந்த அளவில் வண்டி செய்பவர்கள் பலர். எது சிறந்தது என்ற விவாதம் டீக்கடைக்கு நல்லது. இருபது கிலோமீட்டருக்குள் மெக்கானிக் இருக்கிறாரா, வடிகட்டியும் கிளட்ச் தட்டும் ஒரு நாளில் கிடைக்குமா என்று பார்ப்பது தோப்புக்கு நல்லது.

பழைய வண்டி என்றால் மணிக்கணக்கு மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கிளட்ச், பிரேக் பெடல்களின் தேய்மானத்தை அதோடு ஒப்பிடுங்கள்; 800 மணி நேரம் காட்டும் வண்டியின் பெடல் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும் காலையில் போய் நீங்களே கிளப்புங்கள். ரோட்டவேட்டரை மாட்டித் தூக்கிவிட்டு எஞ்சினை அணைத்து, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். கருவி தானாக இறங்கியிருந்தால் ஹைட்ராலிக்கில் கசிவு இருக்கிறது.

புதிய வண்டியானால், எடுத்துவரும் நாளில் வாங்கிய ஒவ்வொரு கருவியையும் கடையிலேயே ஒருமுறை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இணைப்புக் குச்சியின் தடிமன் பொருந்துகிறதா, ரோட்டவேட்டரைத் தூக்கும்போது சுழல்தண்டு எங்கும் இடிக்கிறதா, தண்டின் நீளம் அதிகமென்றால் வெட்டிக் கொடுப்பார்களா என்பதெல்லாம் அங்கே பத்து நிமிட வேலை. ஐம்பது மணி நேரம் ஓடியதும் செய்யவேண்டிய முதல் எண்ணெய் மாற்றத்தின் நாளையும் அப்போதே குறித்துக்கொண்டு வண்டியை ஏற்றிவாருங்கள்.